முடிவிலா ஆற்றலும் பேரருளும்: ஆக்லாந்திலிருந்து ஒரு விசாரணை

1918 அக்டோபர் 30 அன்று தலூன் என்ற நீராவிக் கப்பல் ஆக்லாந்து துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. நகரில் அப்போது இன்ஃப்ளூயன்சா பரவிக்கொண்டிருந்தது; கப்பலிலும் நோயாளிகள் இருந்தார்கள். நவம்பர் 7 அன்று மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தை அது அடைந்தபோது, அங்கே ஆட்சி நடத்திய நியூசிலாந்து நிர்வாகம் கப்பலைத் தடுத்து வைக்கவில்லை. பயணிகள் இறங்கி ஊர் ஊராகப் போனார்கள். சில வாரங்களில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல். பக்கத்திலேயே அமெரிக்க சமோவா. அங்கிருந்த ஆளுநர் கப்பல்களைக் கரையோடு நெருங்கவிடாமல் காவல் போட்டார். அங்கே அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை.

இரண்டு பக்கமும் ஒரே மொழி, ஒரே சனம், ஒரே கிறித்தவ பக்தி. மேற்கே இருந்தவர்கள் குறைவாக மன்றாடினார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. பிழைத்தவர்களையும் மாண்டவர்களையும் பிரித்தது ஒரு துறைமுக உத்தரவுதான். 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கே போய் இதற்கு மன்னிப்புக் கேட்டார். அரசு தன் பங்குக்குப் பதில் சொல்லிவிட்டது. அதற்கும் மேலே இருப்பவர் பதில் சொல்ல வேண்டாமா என்பதுதான் தத்துவத்தில் தீமைச் சிக்கல் என்று பெயர் பெற்ற கேள்வி.

அதன் கூரான வடிவம் சைவர்களுக்குப் புதிதல்ல. சிவனுக்குச் சொல்லும் எட்டுக் குணங்களில் முற்றும் உணர்தல், பேரருள் உடைமை, முடிவிலா ஆற்றல் உடைமை ஆகிய மூன்றை மட்டும் எடுத்து அடுத்தடுத்து வையுங்கள். அந்தக் கப்பலில் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியும். தடுக்க அவரால் முடியும். தடுக்க அவருக்கு மனமும் உண்டு. அப்படியானால் 8,500 பேர் ஏன் செத்தார்கள்? இந்த மூன்றில் ஒன்றைக் கைவிட்டால் சிக்கல் தீரும்; மூன்றையும் பிடித்துக்கொண்டால் விளக்கம் சொல்லியாக வேண்டும். கிரேக்கத்தின் எபிகூரஸ் பெயரால் வழங்கும் இந்தக் கேள்வியை 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் புதுப்பித்தார். 1955இல் அதற்குத் தர்க்கத்தின் முழுக் கூர்மையையும் கொடுத்தவர் ஜே. எல். மெக்கி. சிட்னியில் பிறந்த அவர், அந்தக் கட்டுரை வெளியான ஆண்டில்தான் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். கடவுள் இருப்பதற்குச் சான்று போதவில்லை என்பது பழைய நாத்திகர் வாதம். மெக்கி அதைத் தாண்டிப் போனார். எல்லாம் வல்லவர், முழுக்க நல்லவர், தீமை உண்டு என்ற மூன்று கூற்றுகளும் ஒருசேர உண்மையாக இருக்கவே முடியாது என்றார்.

தமிழில் இந்தக் கசப்பு மெக்கிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மூத்தது. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுப் பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிக்கக் கேட்டு, இப்படி உலகைச் செய்தவன் பண்பில்லாதவன் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். வள்ளுவர் இரவச்சம் அதிகாரத்தில், பிச்சையெடுத்துத்தான் உயிர் பிழைக்க வேண்டுமென்றால் படைத்தவனே அலைந்து அழியட்டும் என்று சபிக்கிறார். இருவரும் கடவுள் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறவரைப் பார்த்து நீ செய்தது சரியில்லை என்கிறார்கள். இந்த வேறுபாடு முக்கியமானது.

மெக்கிக்கு வந்த பதில்களில் வலுவானது மனிதச் சுதந்திரத்தை முன்வைப்பது. அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா 1974இல் அதைத் திருத்தமாக வைத்தார். சுதந்திரமுள்ள உயிர்களைப் படைத்துவிட்டு அவர்கள் நல்லதையே செய்யும்படி வைப்பது எல்லாம் வல்லவருக்கும் இயலாத காரியமாக இருக்கலாம். இருக்கலாம் என்ற அளவே முரண்பாட்டை நீக்கப் போதும் என்பது அவர் வாதம். தத்துவத் துறையினர் பலர் இதை ஏற்றார்கள். மெக்கி மறைந்தபின் 1982இல் வெளியான நூலில் அவரே தம் பழைய உறுதியைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறார். தர்க்க வழக்கு இத்தோடு முடிந்தது என்று பாடப்புத்தகங்கள் எழுதத் தொடங்கின. அது முடியவில்லை என்று காட்டிய ஒரு வாதம் பின்னர் ஆக்லாந்திலிருந்தே வந்தது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

சுதந்திர வாதத்தை ஆப்பியா துறைமுகத்தில் நிறுத்திப் பார்த்தால் பாதி நிற்கிறது, பாதி சரிகிறது. கப்பலை உள்ளே விட்டது மனிதரின் அலட்சியம். அது சுதந்திரத்தின் கணக்கு. ஆனால் கிருமி? அது யாருடைய விருப்பத்தில் பிறந்தது? தத்துவ நூல்கள் ஒழுக்கத் தீமை, இயற்கைத் தீமை என்று இரண்டு பெட்டி வைத்திருக்கின்றன. உண்மைத் துயரங்கள் இரண்டு பெட்டியிலும் சேர்ந்தே கிடக்கின்றன. 2023 ஜனவரி 27 அன்று ஆக்லாந்தில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி நான்கு உயிர்கள் போயின. மழை வானத்தினுடையது. எந்தச் சரிவில் வீடு கட்ட அனுமதி கிடைத்தது, வடிகால் எத்தனை அகலம், வாடகை கட்டுபடியாகும் வீடு எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பவை மனிதருடையவை. இயற்கைத் தீமை என்று ஒதுக்கியதில் பாதியை நிர்வாகம் திருடிக்கொள்கிறது என்பதே என் எண்ணம். அப்படிக் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் எலும்புக்குள் வரும் புற்றுநோய்க்கு எந்தத் துறைமுக அதிகாரியும் பொறுப்பில்லை.

அந்த மிச்சத்துக்காகவே ஜான் ஹிக் 1966இல் ஆன்மா பக்குவப்படும் களம் இந்த உலகம் என்றார். துன்பமில்லாத இடத்தில் துணிவும் இரக்கமும் விளையாது என்பது உண்மைதான். துன்பம் பட்ட சிலர் பெரிய மனிதர்களாகி நிற்பதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை பற்றியெரிந்து மாண்ட 94 குழந்தைகள் எதில் பக்குவப்பட்டார்கள்? அவர்கள் சாவால் மற்றவர்கள் பக்குவப்பட்டார்கள் என்றால், ஒருவர் பிள்ளையை எரித்து இன்னொருவருக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரைப் பேரருள் உடையவர் என்று என்னால் அழைக்க முடியாது. தஸ்தயேவ்ஸ்கி நாவலின் இவான் கரமசோவ் இதைத்தான் சொல்லி, கடவுள் தரும் நுழைவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறான்.

இன்னொரு பதில், காரணம் இருக்கும், நம் சிற்றறிவுக்கு எட்டாது என்பது. 1979இல் வில்லியம் ரோ, யாரும் காணாத காட்டில் தீயில் வெந்து நாள்கணக்கில் துடித்துச் சாகும் மான்குட்டியை எடுத்துக்காட்டி, இதனால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்டார். நமக்குத் தெரியாததால் இல்லை என்றாகாது என்று ஸ்டீபன் விக்ஸ்ட்ரா போன்றோர் மறுத்தார்கள். மறுப்பு பிசகில்லாதது, விலைதான் அதிகம். எந்தத் துயரத்துக்குப் பின்னாலும் நமக்கு எட்டாத நன்மை இருக்கலாம் என்றால், அந்தக் கப்பலைத் தடுத்திருக்க வேண்டும் என்று இன்று நாம் எப்படி உறுதியாகச் சொல்வது? அமெரிக்க சமோவாவின் ஆளுநர் காவல் போட்டதன் மூலம் ஏதோ பெரிய நன்மையைக் கெடுத்துவிட்டாரா? கடவுளைக் காப்பாற்றப் போய் நம் சொந்த நல்லது கெட்டதைத் தொலைத்துவிடுகிற பதில் இது.

இனி, இவை எல்லாவற்றையும்விட மக்கள் வாயில் அதிகம் புழங்கும் பதில்: தண்டனை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபில் நிலநடுக்கத்துக்கு ருவாமோகோ என்ற தெய்வம் உண்டு. பூமித்தாய் பாப்பதுவானுக்குவின் வயிற்றில் பிறவாமலே கிடக்கும் பிள்ளை, அது புரண்டால் நிலம் நடுங்கும். தெய்வங்கள் பல, எதுவும் எல்லாம் வல்லதில்லை. ஆகவே மெக்கியின் கேள்வி அங்கே எழ இடமே இல்லை. ஆனால் பழி சுமத்துவது அங்கேயும் இருந்தது. 1886 ஜூன் 10 அன்று தரவேரா எரிமலை வெடித்தபோது ஓசை ஆக்லாந்து வரை கேட்டது. ஏறத்தாழ 120 பேர் மாண்டார்கள்; தே வைரோவா கிராமம் சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தது. அந்த ஊரில் தூஹோத்தோ அரிக்கி என்ற முதுபெரும் தோஹுங்கா இருந்தார்; மந்திரமும் சடங்கும் அறிந்த குரு. சுற்றுலாப் பணத்தாலும் சாராயத்தாலும் சனங்கள் கெட்டுப்போனதை அவர் கண்டித்துவந்தார். வெடிப்புக்குப் பின், அவரே சாபமிட்டு மலையை எழுப்பினார் என்று பேச்சுக் கிளம்பியது. புதைந்து கிடந்த அவரைத் தோண்டி எடுக்க ஊரார் விரும்பவில்லை. நான்கு நாள் கழித்து வெள்ளையர்கள் தோண்டியபோது கிழவர் உயிரோடு இருந்தார். பிறகு ரொட்டோருவாவில் இறந்தார். விளக்கம் ஒன்று கிடைத்துவிட்டால், புதைந்தவரை எடுக்கும் கை தயங்குகிறது. எனக்கு இந்த வரலாற்றில் எரிமலையைவிட அச்சம் தருவது அந்தத் தயக்கம்தான்.

நம் பக்கத்துக் கதை இதற்குக் குறைந்ததில்லை. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். அப்போது ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே அது என்று நம்பச் சொன்னார். தாகூர் கொதித்துப்போய் மறுப்பு எழுதினார். காந்தியும் அதை மறைக்காமல் ஹரிஜன் இதழில் தம் பதிலோடு வெளியிட்டார். தாகூரின் கவலை இரண்டு: இயற்கை நிகழ்வை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்குக் கேடு, எதிர்த்தரப்பும் இதே முடிச்சைப் போட்டு, நிலநடுக்கத்துக்குக் காந்தியின் சீர்திருத்தமே காரணம் என்று சொல்லலாம். காந்தியின் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும், இந்த விஷயத்தில் நான் தாகூர் பக்கம். இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டப்படாதவர்களும் இருந்தார்கள். தீண்டாமைக்குத் தண்டனை அவர்களுக்குமா?

இதற்கு விடை சொல்ல வல்லது கருமக் கொள்கை ஒன்றுதான் என்று பலர் கருதுகிறார்கள். தர்க்கமாகப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் வலு உண்டு. பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த வழக்கு நேரடியாகவே எடுக்கப்படுகிறது: சிலரை இன்பத்திலும் சிலரைத் துன்பத்திலும் படைத்த கடவுள் பாரபட்சமுள்ளவரா, இரக்கமற்றவரா? இல்லை, அவரவர் வினைக்கேற்பப் படைக்கிறார் என்பது சூத்திரத்தின் விடை. சங்கரர் உரையில் கடவுளை மழையாகச் சொல்கிறார். மழை எல்லா வயலுக்கும் பொது. விளைச்சலில் வேறுபாடு விதையால் வருவது. அப்படியானால் முதல் வினை எங்கிருந்து வந்தது என்றால், வினைக்கு ஆதியே இல்லை என்கிறார்கள். மேற்கத்திய விளக்கங்கள் எதுவும் இவ்வளவு முழுமையாகக் கதவை அடைக்கவில்லை. காரணமில்லாத துன்பம் என்ற ஒன்றே இதில் கிடையாது.

அந்த முழுமைதான் எனக்கு இதன் குற்றம். ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பக்கம் ஒரு செத்தவீடு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சுவரோரமாக அமர்ந்திருந்தார். வந்திருந்த பெரியவர் ஒருவர், ஆறுதல் சொல்வதாகவே எண்ணி, "எல்லாம் அவரவர் கணக்கு, பிள்ளை" என்றார். அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்து, "என்ர பிள்ளைக்கு என்ன கணக்கு, ஐயா? அவனுக்கு ஆறு வயசு" என்றார். பெரியவரிடம் பதில் இல்லை. கொள்கைப்படி அவரிடம் பதில் இருந்தது. போன பிறவி என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த மௌனத்தால்தான்.

துன்பப்படுகிறவரே "நான் என்ன பாவம் செய்தேனோ" என்று சொல்லும்போது அது புலம்பல். சில வேளை தாங்கிக்கொள்ள ஒரு பிடி. அதையே பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் பார்த்துச் சொன்னால் அது தீர்ப்பு. ஒரே கொள்கை, வாய் மாறியதும் செயல் மாறிவிடுகிறது. பிறவியிலேயே இழிந்தவர் என்று கோடிக்கணக்கானோரை ஒதுக்கி வைத்தபோது அந்தத் தீர்ப்பே சட்டமானது. 1930இல் லாகூர்ச் சிறையில் பகத்சிங் எழுதிய நாத்திகக் கட்டுரை இந்த இடத்தைத்தான் அடித்தது: வறுமை முற்பிறவிப் பாவத்தின் தண்டனை என்பது வசதி உள்ளவர்கள் கண்டுபிடித்த சாக்கு. ஜீவானந்தம் அதைத் தமிழாக்கியதற்காகக் கைது செய்யப்பட்டார். 2009 மே மாதத்துக்குப் பிறகு, இலங்கைப் போரில் முள்ளிவாய்க்காலில் குடும்பத்தையே இழந்து ஆக்லாந்து வந்து சேர்ந்தவர்களின் முன் நின்று, அது உங்கள் வினை என்று சொல்லத் துணிகிறவர் யார்? எறிகணை வீசியவர்களின் பொறுப்பையும் அந்தச் சொல் துடைத்துவிடும்.

சைவ சித்தாந்தத்தை இதே கூண்டில் ஏற்றலாமா? ஓரளவுதான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் வகுத்த உலகில் பதி (கடவுள்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே அநாதி. உயிரைக் கடவுள் படைக்கவில்லை; உயிரை மூடிய ஆணவ மலத்தையும் அவர் படைக்கவில்லை. உடம்பும் உலகமும் அந்த இருளிலிருந்து உயிர் வெளியேறுவதற்கு அவர் கொடுத்த கருவிகள். மலம் பக்குவப்படும் வரை காத்திருப்பதும், உண்மையை உயிரிடமிருந்து மறைத்து வைப்பதும்கூட அருளின் வேலைகளாகவே எண்ணப்படுகின்றன. மெக்கி இதைப் படித்திருந்தால், முடிவிலா ஆற்றலில் கை வைத்துவிட்டீர்கள் என்று உடனே சுட்டியிருப்பார். ஆம், வைத்திருக்கிறார்கள். தம்மால் ஆகாத ஒன்று அநாதியாகவே எதிரில் நிற்க, அதோடு மல்லுக்கட்டி உயிரை மீட்கிற கடவுள் இவர். ஹிக்குக்கு ஏழு நூற்றாண்டு முன்பே பக்குவம் பற்றிப் பேசியவர்கள், பல பிறவிகளை ஏற்றதால் கும்பகோணத்துக் குழந்தைகளுக்கும் இடம் வைத்தார்கள். ஒரே பிறவிக்குள் கணக்கு முடிக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இல்லை. ஆனாலும் வினையை உண்டே கழிக்க வேண்டும் என்ற இடத்தில் அவர்களும் அந்தத் தாயின் கேள்விக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள்.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறைக்கு இந்த விவாதத்தில் தனி இடம் உண்டு. 1960களில் அங்கே பேராசிரியராக இருந்த ரேமண்ட் பிராட்லி, கண்டிப்பான கிறித்தவச் சூழலில் வளர்ந்து அதிலிருந்து வெளியேறியவர். விவிலியக் கடவுளின் கட்டளைகளும் நித்திய நரகமும் நம் அடிப்படை அறத்தோடு பொருந்தா என்பது அவர் வாதம். 1994இல் கனடாவில் கிறித்தவத் தத்துவவாதி வில்லியம் லேன் கிரெய்க்கோடு, அன்பான கடவுள் மனிதரை நரகத்துக்கு அனுப்புவாரா என்று மேடையில் வாதிட்டார். 2010இல் ஆக்லாந்திலேயே இறையியலாளர் மேத்யூ ஃபிளானகனோடு, அறத்தின் ஊற்று கடவுளா என்று வாதிட்டார். பிராட்லியின் அறச்சீற்றம் நேர்மையானது. ஆனால் அவர் சாடியது எழுத்தைச் சொல்லுக்குச் சொல் பிடிக்கும் நம்பிக்கையை மட்டுமே.

ஆழமான அடி, கடவுள் நம்பிக்கையை விட்டுவிட விரும்பாத ஒருவரிடமிருந்து வந்தது. அதே துறையில் நெடுங்காலம் கற்பித்த ஜான் பிஷப், கென் பெர்சிக்கோடு சேர்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் கரு இது: ஒருவரைக் கொடுந்துயரத்தில் தாமே உயிரோடு தாங்கி வைத்திருந்து, துயரப்படுத்துபவனையும் அதே கையால் தாங்கி, பிறகு அவருக்கு முடிவிலாப் பேரின்பம் தந்து அணைத்துக்கொள்ளும் ஒருவரோடு உள்ள உறவு நல்ல உறவாகுமா? பின்னால் தரும் இன்பம் எத்தனை பெரிதானாலும், முன்னால் செய்தது உறவில் விழுந்த பழுதுதான். உறவில் பழுதுள்ளவர் முழுக்க நல்லவர் ஆகார். அறத்தை உறவாகக் காண்பவர்களுக்கு மெக்கியின் முரண்பாடு உயிரோடுதான் இருக்கிறது. அறத்தை வேறு விதமாக அளப்பவர்களை இது கட்டுப்படுத்தாது என்பதையும் இருவரும் ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

அங்கிருந்து அவர்கள் நாத்திகத்துக்குப் போகவில்லை. எல்லாம் வல்ல ஓர் ஆள் மேலே உட்கார்ந்து நிர்வகிக்கிறார் என்ற படத்தை மாற்றுகிறார்கள். 2023இல் வந்த அவர்கள் நூலின்படி, உள்பொருள் முழுவதும் உச்ச நன்மைக்காகவே இருக்கிறது. அந்த நன்மை, அதாவது அன்பு, உலகுக்குள்ளேயே நிறைவேறுவதால்தான் உலகே இருக்கிறது. கடவுள் என்று சொல்வது அதைத்தான். இத்தகைய கடவுள் தலூனை அனுமதித்தார் என்று குற்றம் சாட்ட முடியாது. அனுமதிக்கும் நாற்காலியே அங்கே இல்லை. அன்பும் சிவமும் வேறல்ல என்ற திருமூலர் வழியில் வந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. 2023 கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் மதமில்லை என்று பதிந்த நாட்டில், நம்புகிறவர்கள் இத்தனை கவனத்தோடு நம்ப முயல்வது எனக்கு மதிப்புக்குரியதாகவே தோன்றுகிறது.

இருந்தும் முழுமனதோடு அந்தப் பக்கம் போக முடியவில்லை. காரணம் தேவாரம் பாடிய சுந்தரர். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டு நீங்கியதும் அவர் கண்பார்வை போயிற்று. அவர் அது தம் வினை என்று அடங்கிப் போகவில்லை. கோயில் கோயிலாகத் தடவிப் போய்ச் சண்டை பிடித்தார். ஆளாக வந்தவனை இப்படிக் கைவிடுவதா, நீங்களே நன்றாக வாழ்ந்து போங்கள் என்று திருவாரூரில் கடிந்து பாடினார். காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் திரும்பக் கிடைத்ததாக மரபு. கண் கிடைத்த கதையைவிட, அந்தக் கடுஞ்சொற்களை மரபு திருமுறைக்குள் சேர்த்து, ஓதுவார் வாயால் சன்னிதியிலேயே பாட வைத்திருப்பதுதான் பெரிய செய்தி. கடவுளைக் குற்றம் சாட்டுவதும் வழிபாட்டுக்குள் அடங்கும் என்று ஒப்புக்கொண்ட மரபு, துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கும் கட்டாயத்திலிருந்து பக்தரை விடுவித்திருக்கிறது. நன்கணியாரும் வள்ளுவரும் தொடங்கிய வழக்கை அது தள்ளுபடி செய்யவில்லை.

பிஷப்பின் கடவுள் எந்தக் குற்றச்சாட்டுக்கும் உட்படாதவர். அதனாலேயே அவரை யாரும் திட்ட முடியாது. மவுண்ட் ரோஸ்கில்லில் அந்தத் தாய் பெரியவரைக் கேட்ட கேள்வி உண்மையில் பெரியவருக்கானதல்ல. அது போய்ச் சேர ஒரு முகம் வேண்டும். பிஷப்பின் வாதத்தை முறிக்க எனக்கு வழி தெரியவில்லை. எல்லாவற்றையும் திட்டமிட்டு நடத்தும் கடவுளை இனி என்னால் நம்பவும் இயலாது. கேள்வி கேட்கப்படுவதற்காகவாவது ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது சான்றாகாது என்பதும் தெரியும். பிஷப் 2007இல் எழுதிய நூலில், சான்று முடிவு சொல்லாத இடத்தில் அறத்துக்கு ஒத்ததாக இருந்தால் ஒருவர் நம்பிக்கையில் துணிந்து இறங்கலாம் என்று வில்லியம் ஜேம்ஸ் வழியில் வாதிட்டார். துன்பப்பட்டவர் மேல் பழி போடாத, அவர் கோபத்தைப் பாவம் என்று சொல்லாத நம்பிக்கை மட்டுமே அந்த அற அளவில் தேறும். சுந்தரருடையது தேறும் என்று நினைக்கிறேன். அவரவர் கணக்கு என்பது தேறாது.